கலோரி குறைந்த காய்கனிகளும் நகராத எடையும்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கடைசி வரியில் நீங்கள் கேட்டிருப்பது கலோரி குறைந்த பழங்கள், காய்கறிகளின் பட்டியல். ஆனால் அதற்கு முன்னால் போகிற போக்கில் எழுதியிருக்கும் விவரங்களில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடிக்கிறீர்கள். மதியம் பெரிய கிண்ணம் நிறைய சாலட். மாலை ஆறு மணிக்குள் வெள்ளரிக்காயும் தர்பூசணியும் சாப்பிட்டு அன்றைய சாப்பாட்டை முடித்துவிடுகிறீர்கள். வாழைப்பழத்தையும் உருளைக்கிழங்கையும் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் மனசுக்குப் பிடித்ததைச் சாப்பிடுகிறீர்கள். முதல் பத்து நாளில் மூன்று கிலோ இறங்கியது, அப்புறம் எடை மெஷினின் முள் அசையவே இல்லை. ஆக, நீங்கள் கேட்பது இதுதான்: எடையைக் குறைக்கும் என்று எல்லோரும் சொல்கிற காய்கனிகளைத்தானே சாப்பிடுகிறேன், பிறகு ஏன் குறையவில்லை?

உணவியல் படித்துவிட்டு, எடை குறைக்க வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதையே 18 வருடமாக வேலையாகச் செய்துவருகிறேன். வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். எடையைக் குறைக்கும் காய் என்று ஒன்று கிடையாது. பழமும் கிடையாது. தட்டில் இருக்கும் கலோரி கூடிய ஏதோ ஒன்றை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தால் மட்டுமே கலோரி குறைந்த காய் உங்களுக்கு உதவும். எதையும் தள்ளாமல் கூடுதலாக வந்து சேர்ந்தால், உடம்புக்கு வேறு நன்மைகள் உண்டு, எடையில் மாற்றம் இருக்காது.

கேட்ட பட்டியலையும் கொடுத்துவிடுகிறேன். 100 கிராமுக்கு வெள்ளரிக்காய் 15 கலோரி, முள்ளங்கி 16, தக்காளி 18, கீரை வகைகள் 23-ஐ ஒட்டி, முட்டைகோஸும் காலிஃபிளவரும் 25, பூசணிக்காய் 26, கேரட் 41. பழங்களில் தர்பூசணி 30, ஸ்ட்ராபெர்ரி 32, பப்பாளி 43, ஆரஞ்சு 47, ஆப்பிள் 52, மாம்பழம் 60, கொய்யா 68, திராட்சை 69, வாழைப்பழம் 89. இவை உரித்து நறுக்கிய பச்சைக் காய்கனிக்கான எண்கள். ரகத்தைப் பொறுத்தும் பழுத்த அளவைப் பொறுத்தும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இந்த வரிசையில் தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெள்ளரிக்காயில் 95 சதவீதமும் தர்பூசணியில் 91 சதவீதமும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திராட்சையே சாட்சி. 69 கலோரியாக இருந்தது உலர்ந்து சுருங்கியதும் 100 கிராமுக்கு 300-ஐத் தொட்டுவிடுகிறது. பழம் அதேதான், நீர் மட்டும் போய்விட்டது. ஒரு கை உலர்திராட்சையை மூன்று வாயில் முடித்துவிடலாம். அதே கலோரிக்குப் பச்சைத் திராட்சை ஒரு கிண்ணம் வரும்.

'நெகட்டிவ் கலோரி' பற்றியும் கேட்டிருந்தீர்கள். செலரி (தண்டைக் கடித்துத் தின்னும் ஒரு மேல்நாட்டுக் கீரை), வெள்ளரி, லெட்யூஸ் போன்றவற்றைச் செரிக்க ஆகும் ஆற்றல் அவற்றில் இருக்கும் ஆற்றலைவிட அதிகம், அதனால் சாப்பிடச் சாப்பிட இளைப்போம் என்பது வாதம். கேட்க அழகாக இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. உணவைச் செரித்து உட்கிரகிக்க உடம்பு செலவிடுவது மாவுச்சத்தில் 5 முதல் 10 சதவீதம், புரதத்தில் 20 முதல் 30 சதவீதம், கொழுப்பில் 3 சதவீதத்துக்குள். எந்தக் காயும் 100 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நார்ச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் வெளியேறுவதையும் சேர்த்தாலும், மிஞ்சுவது சின்ன எண்ணாக இருக்குமே தவிரப் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஒரு வகைப் பல்லிக்குச் செலரியை மட்டும் கொடுத்து இதை அளந்துகூடப் பார்த்திருக்கிறார்கள். அதற்கும் கடைசியில் கொஞ்சம் ஆற்றல் மிச்சமாகத்தான் செய்தது. பல்லி மனிதன் ஆகாது, ஆனாலும் செலரியின் பெயரைக் கெடுக்க அது போதும்.

அப்படியானால் காய்கறி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். வயிறு கலோரியை எண்ணுவதில்லை. அதற்குத் தெரிவது அளவும் எடையும், உணவு எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்பவர் பல வருடங்களாக இதைத்தான் ஆராய்ந்துவருகிறார். 1999 இல் அவர் குழு செய்த ஒரு சோதனையை நான் அடிக்கடி சொல்வதுண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கோழியும் அரிசியும் சேர்ந்த ஒரு பண்டத்தைச் சில பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு நாள் அப்படியே, இன்னொரு நாள் அதோடு தனியாக ஒரு டம்ளர் தண்ணீர், மற்றொரு நாள் அதே பண்டத்தில் அதே தண்ணீரை ஊற்றிச் சூப்பாக. பொருளும் கலோரியும் மூன்று நாளும் ஒன்றே. சூப்பாகச் சாப்பிட்ட நாளில் மட்டும் அடுத்து வந்த சாப்பாட்டைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் வைத்துக் குடித்த தண்ணீர் அந்த வேலையைச் செய்யவில்லை. காய்கறி தண்ணீரைத் தனக்குள் கட்டி வைத்திருப்பதன் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

ஆப்பிளை வைத்தும் இப்படி ஒன்று செய்தார்கள், 2009 இல். சாப்பாட்டுக்கு முன்னால் முழு ஆப்பிள், ஆப்பிள் மசியல், ஆப்பிள் ஜூஸ் என்று மூன்று விதமாக, கலோரி சமமாக இருக்கும்படி கொடுத்தார்கள். முழு ஆப்பிள் சாப்பிட்டவர்கள், முன்னால் எதுவும் சாப்பிடாத நாளோடு ஒப்பிட்டால், ஆப்பிளின் கலோரியையும் சேர்த்தே சுமார் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். மசியலுக்குப் பலன் குறைந்தது, ஜூஸுக்கு இன்னும் குறைந்தது. ஜூஸில் நார்ச்சத்தைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தும் நிலைமை மாறவில்லை. ஆக, நார் மட்டும் காரணமில்லை. கடித்து மெல்லும் நேரமும் அந்தத் திடமும்கூட வயிறு நிறைவதில் சேர்த்தி.

இதை விளக்க நான் ஒரு சின்ன வேலை செய்வதுண்டு. மேஜைமேல் மூன்று ஆரஞ்சு வைப்பேன். ஒருவரை உரித்துச் சாப்பிடச் சொல்வேன். தோலை நகத்தால் கீறி, வெள்ளை நாரைப் பிய்த்து, சுளை சுளையாகப் பிரித்து, கொட்டையைத் துப்பி என்று முதல் பழமே நான்கு நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாவதில் பாதி போவதற்குள் "போதும்" என்பார். இன்னொரு மூன்று ஆரஞ்சைப் பிழிந்தால் ஒரு டம்ளர். அது அரை நிமிடத்தில் காலி. குடித்தவர் அடுத்து என்ன என்று பார்ப்பார். ஜூஸில் கலோரி முழுப் பழத்தைவிட அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். சக்கையை எறிந்துவிடுவதால் கொஞ்சம் குறைவுதான். ஆனால் மூன்று பழத்தின் சர்க்கரை வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல் உள்ளே போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் முழுப் பழத்தின் சர்க்கரையை ஒரு கணக்கிலும், ஜூஸின் சர்க்கரையைத் தேன், வெள்ளைச் சர்க்கரையோடு சேர்த்து வேறு கணக்கிலும் வைப்பது இதனால்தான்.

சரி, உங்கள் சாலட்டுக்கு வருவோம். நீங்கள் அளவு எதுவும் எழுதவில்லை, அதனால் என்னிடம் வந்த வேறொருவரின் கிண்ணத்தைச் சொல்கிறேன். அவரும் உங்களைப் போலவே "மதியம் வெறும் சாலட்தான்" என்றார். ஒரு நாள் வீட்டில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே இங்கே செய்யுங்கள் என்று தராசை முன்னால் வைத்தேன். வெள்ளரி 150 கிராம், தக்காளி 100, லெட்யூஸ் 50, கேரட் 50. எல்லாம் சேர்ந்து 70 கலோரிக்குப் பக்கம். அதுவரை அவர் முகத்தில் பெருமை. அப்புறம் எண்ணெய் பாட்டிலை எடுத்தார். "இரண்டு சொட்டு விடுவேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சுற்று சுற்றினார். பாட்டிலை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்தேன், 31 கிராம் குறைந்திருந்தது. எண்ணெய் எதுவாக இருந்தாலும் கிராமுக்கு ஏறக்குறைய 9 கலோரி, ஆக 270-க்கும் மேல். மேலே துருவிய சீஸ் 30 கிராம், 120. ஒரு கை பாதாம் 30 கிராம், 175. மொத்தம் 630-ஐத் தாண்டிவிட்டது. முழுப் பாதாமை மென்று தின்னும்போது கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமலே போய்விடும் என்பதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும் 580-க்குக் கீழே இறங்காது. அது தப்பான சாப்பாடு இல்லை, நல்ல சாப்பாடுதான். ஆனால் அவர் மனசில் அதன் கணக்கு 100 கலோரி என்று எழுதியிருந்தது.

இதைப் படித்துவிட்டு எண்ணெயே இல்லாமல் சாப்பிடத் தொடங்கிவிட வேண்டாம். கேரட், கீரை, தக்காளியில் இருக்கும் கரோட்டினாய்டுகள் என்ற நிறமிச் சத்துகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடு சாலட் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் அவை ஏறவே இல்லை என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி தாராளமாக இருக்கட்டும். ஊற்றாமல் கரண்டியால் எடுங்கள், அவ்வளவுதான்.

கணக்கு தவறுவது உங்கள் நேர்மை பற்றிய கேள்வியே இல்லை. 1992 இல் வந்த ஓர் ஆய்வு, '1200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறையவில்லை' என்றவர்களை எடுத்துக்கொண்டு அவர்களுடைய உண்மையான செலவையும் வரவையும் அளந்தது. வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள். நான் என் சாப்பாட்டையே ஒரு வாரம் எழுதிவிட்டு, பிறகு ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தபோது எனக்கும் நல்ல இடைவெளி விழுந்தது. எவ்வளவு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

காய்கனி கூடினால் எடை தானாகக் குறையுமா என்பதற்கும் பதில் இருக்கிறது. வேறு எதையும் குறைக்கச் சொல்லாமல், காய்கனிகளை மட்டும் கூட்டச் சொன்ன சோதனைகளை 2014 இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது: எடை கூடவும் இல்லை. இதயம், இரத்த அழுத்தம், குடல் இவற்றுக்காக நாளைக்கு 400 கிராம் காய்கனி என்ற பரிந்துரை எடையோடு சம்பந்தமில்லாமலே நிற்கிறது.

முதல் பத்து நாளில் போன மூன்று கிலோ எங்கே போனது? பெரும்பாலும் நீராகப் போனது. கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து ஏறக்குறைய அரை கிலோ கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்து, இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். உப்பு குறைந்தால் இன்னும் கொஞ்சம் நீர் போகும். குடலில் தங்கும் உணவின் எடையும் குறையும். எந்த டயட்டாக இருந்தாலும் முதல் வாரம் அற்புதமாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். ஏழு நாள் முட்டைகோஸ் சூப் டயட்டின் புகழே இதன்மேல்தான் நிற்கிறது. எட்டாம் நாள் வழக்கமாகச் சாப்பிட்டால் நீர் திரும்பிவிடும்.

கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி. உங்கள் வாரத்தை இதில் போட்டுப் பாருங்கள். ஆறு நாள் தலா 400 கலோரி குறைத்தால் 2400. ஏழாம் நாள் தேவைக்கு மேல் 1800 கலோரி உள்ளே போனால் (விருந்து, இனிப்பு, ஒரு குளிர்பானம் என்று போனால் அது பெரிய எண்ணே இல்லை) மிஞ்சுவது 600. அதாவது 80 கிராம் கொழுப்பு. ஒரு மனிதனின் எடை ஒரே நாளில் காலைக்கும் இரவுக்கும் ஒரு கிலோ மாறும். அதற்குள் இந்த 80 கிராம் எப்படித் தெரியும்? நின்றுவிட்டது என்று நீங்கள் நினைப்பது மிக மெதுவாக ஓடிக்கொண்டிருக்கக்கூடும். இது என் ஊகம்தான். உங்கள் ஏழாம் நாள் எப்படி இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. அப்புறம், 7700-ஐ வைத்து 'தினமும் 500 குறைத்தால் வருடத்துக்கு 23 கிலோ' என்று கணக்குப் போடுகிறவர்களை நம்பாதீர்கள். எடை குறையக் குறைய உடம்பின் தேவையும் குறையும், வேகமும் தணியும். அந்த நேர்கோட்டுக் கணக்கு 1958 இல் ஒரு மருத்துவர் எழுதியதிலிருந்து வந்தது, பிற்கால ஆய்வுகள் அதைத் திருத்திவிட்டன.

வாழைப்பழம், உருளைக்கிழங்கு விஷயத்தில் நீங்கள் இரண்டுக்கும் அநியாயம் செய்திருக்கிறீர்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 105 கலோரி. பிஸ்கட் இரண்டு மூன்று சாப்பிட்டால் அந்த அளவு வந்துவிடும், ஆனால் யாரும் மூன்றோடு நிறுத்துவதில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 87 கலோரிதான், சோற்றைவிடக் குறைவு. 1995 இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழு 38 உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி வரும்படி கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் எது எவ்வளவு பசியாற்றுகிறது என்று அளந்தது. வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323, எல்லாவற்றிலும் முதலிடம். குரோசாண்ட் என்ற வெண்ணெய் அடுக்கு ரொட்டி கடைசி, 47. ஒவ்வோர் உணவையும் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான், அதனால் 323 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவு. அதே கிழங்கை எண்ணெயில் பொரித்தால் 300-க்கு மேல், மெல்லிய சிப்ஸாக்கினால் 530-ஐ ஒட்டி. குற்றம் கிழங்கிடம் இல்லை, வாணலியிடம் இருக்கிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் 24 வருடம் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015 இல் வந்தது. ஆப்பிள், பேரிக்காய், பெர்ரி வகைகள், மாவுச்சத்து குறைந்த காய்கள் இவற்றைக் கூட்டியவர்களுக்கு எடை ஏற்றம் குறைவாக இருந்தது. உருளை, சோளம், பட்டாணி கூட்டியவர்களுக்குக் கொஞ்சம் ஏறியது. இது தொடர்பு மட்டும்தான், காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெர்ரி வாங்கிச் சாப்பிடுகிறவர் வேறு பல விஷயங்களிலும் கவனமாக இருப்பவராக இருக்கலாம். என் தொழில் அனுபவத்தை வைத்துச் சொன்னால், வேகவைத்த கிழங்கைத் தட்டில் சோற்றுக்கோ ரொட்டிக்கோ பதிலாக வைத்தால் பயப்பட எதுவுமில்லை. அதோடு சேர்த்து வைத்தால் பயப்படலாம்.

பழச் சர்க்கரை பயத்துக்கும் இதே பதில். முழுப் பழம் சாப்பிட்டே பருமனானவர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. உலர்பழம், ஜூஸ், சர்க்கரை சேர்த்த ஸ்மூத்தி இவை வேறு கதை. நீரிழிவு உள்ளவர் ஒரே நேரத்தில் எவ்வளவு பழம் என்பதைப் பார்க்க வேண்டும், அது எடையைத் தாண்டிய கேள்வி. சாப்பிட்டபின் பழம் தின்றால் வயிற்றில் அழுகிவிடும் என்பது முழுக்கக் கட்டுக்கதை. வயிற்றின் அமிலத்தில் அழுகல் நடக்காது.

எலுமிச்சையும் தேனும்: எலுமிச்சைச் சாற்றின் அமிலம் கொழுப்பைக் கரைப்பதில்லை. வயிற்றில் ஏற்கெனவே அதைவிடக் கடுமையான அமிலம் இருக்கிறது, அதுவே கரைக்கவில்லை. தேன் ஒரு மேசைக்கரண்டி 64 கலோரி. ருசிக்காகக் குடித்தால் குடியுங்கள், தேனைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 'டீடாக்ஸ்' ஜூஸ் பற்றி ஒரு வரி போதும்: கழிவை நீக்க கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் வேலை செய்கின்றன. கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, பம்பளிமாஸ் போன்ற புளிப்புப் பழம்) கொழுப்பை எரிக்கும் என்ற நம்பிக்கை 1930களின் ஹாலிவுட் டயட்டிலிருந்து ஓடிவருகிறது. பழம் நல்லதுதான், எரிப்பதெல்லாம் இல்லை. ஆனால் அது சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். கனடாவில் ஒரு சோதனையில் மதுவின் சுவையை மறைக்க அந்த ஜூஸைக் கலந்தார்கள், அதனால் தற்செயலாக 1989 இல் தெரியவந்த விஷயம் இது. கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாடின், இரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் போன்றவை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பழத்தைத் தொடக்கூடாது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனி வருவதை உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆறு மணிக்கு மேல் சாப்பிடக்கூடாது என்பதில் பாதி உண்மை இருக்கக்கூடும். 2022 இல் 16 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, அதே சாப்பாட்டைச் சுமார் நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தபோது பசி கூடியது, ஆற்றல் செலவு லேசாகக் குறைந்தது. சில நாள் சோதனை, சின்னக் கூட்டம். அதே வருடம் சீனாவில் 139 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் கலோரிக் குறைப்பு உண்டு. பாதிப் பேர் காலை எட்டு முதல் மாலை நான்குக்குள் மட்டும் சாப்பிட வேண்டும். நேரம் பார்த்தவர்கள் 8 கிலோ, பார்க்காதவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள். புள்ளியியல்படி அது வித்தியாசம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆக, சீக்கிரம் சாப்பிடுவது உங்களுக்கு வசதி என்றால் தொடருங்கள். ஏழு மணிக்குச் சாப்பிட்ட ஆப்பிள் ஐந்து மணி ஆப்பிளைவிடக் கொழுக்கவைக்காது. காலைச் சாப்பாட்டை விட்டால் குண்டாவோம் என்பதற்கும் ஆதாரம் நலிவுதான். 2019 இல் 13 சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில், காலையில் சாப்பிட்டவர்கள்தான் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடியிருந்தார்கள், அவையும் பெரும்பாலும் குறுகிய காலச் சோதனைகள். சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது வயதானவர்களுக்குக் கொஞ்சம் பலன் தந்ததாக ஒரு சோதனை உண்டு. மேலே சொன்ன சூப் சோதனையோ இளவயதுப் பெண்களுக்குத் தண்ணீர் உதவவில்லை என்கிறது. தண்ணீர்தானே, குடித்துப் பார்க்கலாம்.

மாவுச்சத்தை வெட்டுவதா கொழுப்பை வெட்டுவதா என்ற சண்டைக்குள் நான் போவதில்லை. 2018 இல் வெளிவந்த ஆய்வில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் வைத்துப் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. இரு பக்கமும் காய்கறி நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள், சர்க்கரையையும் மைதாவையும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். யாருக்கு எது ஒத்துப்போகிறதோ அது.

உங்கள் திட்டத்தில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது கலோரி இல்லை, புரதம். வெள்ளரியும் தர்பூசணியும் அரை அரை கிலோ சாப்பிட்டாலும் ஆறேழு கிராமுக்கு மேல் புரதம் வராது. இப்படி மாதக்கணக்கில் போனால் கொழுப்போடு தசையும் கரையும். இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டக்கூடும், என்னிடம் வருபவர்களில் பலர் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். மிக வேகமாக எடை இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. எட்டு மணிக்குப் பசித்து, பத்து மணிக்குப் பசியோடு படுத்து, ஏழாம் நாள் எதிரில் வந்ததையெல்லாம் சாப்பிடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இரவில் வெள்ளரியை எடுத்துவிட வேண்டாம், அதோடு முட்டையோ பருப்போ தயிரோ மீனோ கோழியோ ஒன்றைச் சேருங்கள். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் அளவு புரதம் என்பது பொதுவாகச் சொல்லும் எண். சிறுநீரக நோய் உள்ளவருக்கு இது பொருந்தாது. தட்டில் பாதியைக் காய்கறிக்குக் கொடுங்கள், கால் பங்கு புரதம், கால் பங்கு சோறோ ரொட்டியோ கிழங்கோ. காய்கறியை முதலில் தட்டில் போடுங்கள், மற்றவை மிச்ச இடத்தில் உட்காரட்டும். பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை. வேகவைத்த தக்காளியில் லைகோபீன் என்ற அதன் சிவப்பு நிறமி இன்னும் எளிதாகவே உடம்பில் சேரும். பச்சை முட்டைகோஸ் வயிற்றை உப்பவைக்கும் என்றால் வேகவைத்தே சாப்பிடுங்கள்.

தூரத்திலிருந்து நான் சொல்வதற்கு எல்லை உண்டு. உங்கள் வயது, உயரம், இரத்தப் பரிசோதனை, மருந்துகள் எதுவும் என் முன்னால் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் தக்காளி, ஆரஞ்சு, வாழைப்பழம், கீரை இவற்றில் இருக்கும் பொட்டாசியமே ஆபத்தாகலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இன்சுலினோ, சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும் மாத்திரையோ எடுப்பவர் இரவில் வெறும் காய் சாப்பிட்டுப் படுப்பது விபரீதம். ஸ்டீராய்டும் மனநலத்துக்கான சில மருந்துகளும் எடையை ஏற்றும். தைராய்டு குறைபாடும் கொஞ்சம் ஏற்றும். இவற்றில் எதுவாவது உங்களுக்கு இருந்தால், நான் எழுதியதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவது, தலைசுற்றல், சாப்பாட்டை நினைத்தாலே குற்ற உணர்ச்சி இவையெல்லாம் இருந்தாலும் அப்படியே.

எதுவும் இல்லையென்றால் மூன்று நாள் மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். அதில் ஒன்று உங்கள் ஏழாம் நாளாக இருக்கட்டும். காய்களை நிறுக்க வேண்டாம், அவற்றால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எண்ணெய் பாட்டில், தேன், கொட்டைகள், சீஸ், உலர்பழம், குடிக்கிற பானங்கள் இவற்றை மட்டும் முன்னும் பின்னும் தராசில் வைத்து எழுதுங்கள். அந்த மூன்று நாள் கணக்கை உங்கள் உயரம், எடையோடு எழுதி அனுப்பினால் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.